9 எம்எம் பிஸ்டல் முதல் மீன் வலை வரை... சட்டம் எதை ‘ஆயுதம்’ என்கிறது?

பழவேற்காடு படகுத்துறை. அதிகாலை. ஒரு ஃபைபர் படகில் மூன்று பொருள்கள் கிடக்கின்றன. மடவை மீனுக்குப் போடும் வலை ஒன்று. மீன் வெட்டும் கத்தி ஒன்று. மூன்றாவது, சென்னையிலிருந்து வந்த நண்பர் துணிப்பையில் சுற்றி வைத்திருக்கும் 9 எம்எம் பிஸ்டல். சாதாரண பிஸ்டல் இல்லை. முழங்கை நீளத்துக்கு, சினிமாவில் கமாண்டோக்கள் கையில் பார்ப்போமே, அந்த மாதிரி.

பயப்படாதீங்க, இது கற்பனைக் காட்சி. இடம் மட்டும்தான் நிஜம். ஆனால், இந்த மூன்றில் எது சட்டப்படி ‘ஆயுதம்’ என்று கேட்டால் என்ன சொல்வீர்கள்? பிஸ்டல் என்பீர்கள். கத்தி சந்தேகம் என்பீர்கள். வலையை யாரும் கணக்கிலேயே எடுக்க மாட்டோம்.

இந்திய நாடாளுமன்றம் நிறைவேற்றிய ஒரு சட்டத்தில் வலை ஆயுதம் என்றே எழுதப்பட்டிருக்கிறது. அது எந்தச் சட்டம், பழவேற்காட்டு மீனவருக்கு அது ஏன் முக்கியம் என்பதற்குக் கடைசியில் வருவோம். முதலில் அந்தத் துணிப்பையைப் பிரிப்போம்.

‘லார்ஜ் ஃபார்மட் பிஸ்டல்’ என்றால் என்ன?

அமெரிக்கத் துப்பாக்கி வீடியோக்கள் உங்கள் ரீல்ஸில் வந்து விழுந்திருக்கும். அங்கே அடிக்கடி காதில் விழும் பெயர் இது. ஏஆர்-15, ஏகே மாதிரியான ரைஃபிள்களையும், எம்பி5 மாதிரியான சப்-மெஷின் துப்பாக்கிகளையும் எடுத்து, குழலைக் குட்டையாக்கி, தோளில் முட்டுக்கொடுக்கும் பின்பகுதியைக் கழற்றிவிட்டு விற்பார்கள். உருவத்தில் ரைஃபிளின் தம்பி. அமெரிக்க மத்திய அரசின் ஏட்டில் பிஸ்டல். சாதாரணக் குடிமகனுக்கு விற்பது என்பதால், விசையை ஒருமுறை அழுத்தினால் ஒரு குண்டுதான் பாயும். இதை அரைத் தானியங்கி என்பார்கள்.

ஏன் இப்படி ஒரு பொருளை மெனக்கெட்டுச் செய்கிறார்கள்? காரணம் பொறியியல் இல்லை, சட்டம்.

1934-ல் அமெரிக்கா தேசிய துப்பாக்கிச் சட்டம் கொண்டுவந்தது. மதுவிலக்குக் கால ரவுடி கும்பல்கள் தெருவில் சுட்டுக்கொண்டு திரிந்த நேரம். சட்டத்தின் முதல் வரைவில் கைத்துப்பாக்கிகளும் இருந்தன. மறைத்து எடுத்துப் போக வசதியானவை அவைதானே. அப்படியானால் ரைஃபிளை அறுத்துக் குட்டையாக்கி ஏமாற்றுவார்களே என்று, குழல் குட்டையான ரைஃபிளையும் அதே பட்டியலில் போட்டார்கள். பிறகு நடந்ததுதான் வேடிக்கை. எதிர்ப்பு வந்ததால் கைத்துப்பாக்கியைப் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டார்கள். அதற்குக் காவலாகப் போட்ட குட்டை ரைஃபிள் விதியை எடுக்கவில்லை. முக்கியமானதைத் திறந்துவிட்டு, அதன் வேலியை மட்டும் விட்டுவைத்த கதை.

விளைவு? 14 அங்குலக் குழலுடன் தோள்கட்டை இருந்தால் அது பதிவு செய்ய வேண்டிய குட்டை ரைஃபிள். அதே துப்பாக்கியில் தோள்கட்டை இல்லையென்றால் பிஸ்டல். பதிவு இல்லாமல் வைத்துக்கொண்டால் சிறை. பதிவுக்கான வரி 90 வருடங்களாக 200 டாலராகவே இருந்தது. 2026 ஜனவரியிலிருந்து அந்த வரி பூஜ்யம், பதிவு மட்டும் தொடர்கிறது.

இந்த இடைவெளிக்குள் 2012 வாக்கில் ‘பிரேஸ்’ நுழைந்தது. மாற்றுத்திறனாளியான முன்னாள் ராணுவ வீரர் ஒரு கையால் சுட உதவும் கைப்பட்டையாகத் தொடங்கியது அது. ஆனால் பலரும் அதையே தோளில் வைத்துச் சுட்டார்கள். அப்படியானால் அது தோள்கட்டைதானே என்றது ஏடிஎஃப் எனும் மத்திய அமைப்பு. 2023 ஜனவரியில் புதிய விதி போட்டது. 2024 ஜூனில் டெக்ஸாஸில் உள்ள மத்திய நீதிமன்றம் அந்த விதியை ரத்து செய்தது. லட்சக்கணக்கானோர் கையில் இருந்த ஒரே பொருள் முதலில் பிஸ்டல், நடுவில் ரைஃபிள், திரும்பவும் பிஸ்டல். பொருளில் ஒரு திருகாணிகூட மாறவில்லை.

வார்த்தை விளையாட்டு என்று சிரித்துவிட்டுப் போக முடியாது. 2021 மார்ச்சில் கொலராடோ மாநிலம் போல்டரில் ஒரு சூப்பர் மார்க்கெட்டில் 10 பேரைச் சுட்டுக்கொன்றவன் பயன்படுத்தியது ரைஃபிள் மாதிரியே இருக்கும் இந்த வகை ‘பிஸ்டல்’தான்.

மறைத்து எடுத்துப் போவது? அது அங்கே மாநிலத்துக்கு மாநிலம் மாறும். பாதிக்கும் மேற்பட்ட மாநிலங்களில், தகுதியுள்ள வயதுவந்தவர் தனி அனுமதியே இல்லாமல் கைத்துப்பாக்கியைச் சட்டைக்குள் மறைத்து நடமாடலாம். 2022 ஜூனில் நியூயார்க் வழக்கில் உச்ச நீதிமன்றம் கொடுத்த தீர்ப்பு, ‘தனிப்பட்ட காரணம் காட்டினால்தான் அனுமதி’ என்ற பழைய முறையையும் செல்லாது என்றது. பெரிய பிஸ்டலை பிஸ்டல் என்றே ஒரு மாநிலம் பார்த்தால், தோள் பையில் போட்டுக்கொண்டு போகவும் வழி உண்டு.

அதே துப்பாக்கி மீனம்பாக்கத்தில் இறங்கினால்?

இந்தியாவில் நமக்கான சட்டம் 1959-ம் ஆண்டு ஆயுதச் சட்டம். அதன் நடைமுறை விவரங்கள் 2016-ல் வந்த ஆயுத விதிகளில் இருக்கின்றன. அந்த விதிகளின் முதல் அட்டவணையைப் படிக்கும்போதுதான் ஒரு விஷயம் பிடிபட்டது. அமெரிக்காவில் வருடக்கணக்கில் நடக்கும் ‘இது பிஸ்டலா, ரைஃபிளா’ பஞ்சாயத்தை நம்ம ஊர் அட்டவணை ஒரே வரியில் தாண்டிவிடுகிறது.

அந்த வரி சொல்வது இதுதான்: பிஸ்டல், ரிவால்வர், கார்பைன் எதுவாக இருந்தாலும் சரி, ராணுவமும் போலீஸும் பயன்படுத்தும் 9 எம்எம் தோட்டாவோ, பாயின்ட் 45, பாயின்ட் 380, பாயின்ட் 455 தோட்டாக்களோ அதில் போட்டுச் சுட முடியும் என்றால் அது முதல் வகை. முதல் வகை என்றால் தடை செய்யப்பட்டவற்றின் பட்டியல்.

கவனித்தீர்களா? கார்பைன் என்பது குட்டை ரைஃபிள். அதையும் பிஸ்டலையும் கமா போட்டு ஒரே வாக்கியத்தில் சேர்த்துவிட்டார்கள். தோள்கட்டை இருக்கிறதா, கைப்பட்டை இருக்கிறதா, குழல் எத்தனை அங்குலம் என்ற கேள்விகளே எழவில்லை. ‘உள்ளே எந்தத் தோட்டா போகும்?’ இதுதான் கேள்வி.

லார்ஜ் ஃபார்மட் பிஸ்டல்களில் பெரும் பங்கு 9 எம்எம். அந்தக் கதவு இங்கேயே மூடிவிட்டது. ரைஃபிள் தோட்டா போடும் மற்ற ரகங்களுக்கு இன்னொரு வரி காத்திருக்கிறது: அரைத் தானியங்கித் துப்பாக்கிகள் பொதுவாகவே முதல் வகை. உரிமம் பெறக்கூடிய சாதாரண பிஸ்டல்களுக்கு மட்டும் விலக்கு. விசையை அழுத்திப் பிடித்தால் குண்டு பாய்ந்துகொண்டே இருக்கும் முழுத் தானியங்கி என்றால் கேட்கவே வேண்டாம், சட்டத்தின் விளக்கப் பிரிவிலேயே அது தடை.

தடை செய்யப்பட்ட துப்பாக்கியை வைத்திருந்தால் 2019 திருத்தத்துக்குப் பிறகு குறைந்தது 7 வருடம், அதிகபட்சம் 14 வருடம் சிறை. உரிமம் இல்லாமல் சாதாரணத் துப்பாக்கி வைத்திருந்தால் 2 முதல் 5 வருடம். 9 எம்எம் பிஸ்டல் இந்தியாவில் எவ்வளவு பெரிய விஷயம் என்பதற்கு எல்லோருக்கும் தெரிந்த உதாரணம் சஞ்சய் தத். ஏகே-56 ரைஃபிளும் 9 எம்எம் பிஸ்டலும் வைத்திருந்ததற்குத்தான் அவருக்குத் தண்டனை. 2013 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் அதை 5 வருடமாகக் குறைத்து உறுதி செய்தது.

அப்போ நம்ம ஊரில் உரிமத்தோடு வைத்திருப்பவர்கள் கையில் இருப்பது என்ன? பெரும்பாலும் பாயின்ட் 32. நம் படைகள் பயன்படுத்தாத தோட்டா என்பதுதான் அதன் தகுதி. அரசு ஆயுதத் தொழிற்சாலைகளே இதைத் தயாரித்து விற்கின்றன. 2014 ஜனவரியில் கான்பூர் தொழிற்சாலை ‘நிர்பீக்’ என்று பெண்களுக்கான குட்டி ரிவால்வர் ஒன்றை அறிமுகம் செய்தது. எடை அரைக் கிலோ, விலை சுமார் 1.22 லட்சம் ரூபாய். அந்த விலையில் எத்தனை பெண்கள் வாங்கியிருக்க முடியும் என்று நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

நீளம் ஒரு பொருட்டே இல்லையா?

இருக்கிறது. ஆனால் தலைகீழாக. ஆயுதச் சட்டத்தின் 13-வது பிரிவு, குழல் 20 அங்குலத்துக்குக் குறையாத, உள்ளே வழவழப்பான குழலுள்ள துப்பாக்கியைப் பாதுகாப்புக்கோ விளையாட்டுக்கோ கேட்டால் கொஞ்சம் தாராளமாக நடந்துகொள்கிறது. பயிர்ப் பாதுகாப்புக்கான, வாய்வழியே மருந்து கெட்டிக்கும் துப்பாக்கிக்கும் அப்படியே. பிஸ்டல், ரிவால்வர் கேட்டால்தான் ‘உங்களுக்கு ஏன் வேண்டும், தகுந்த காரணம் சொல்லுங்கள்’ என்று உட்காரவைக்கிறது. 20 அங்குலத்துக்குக் குறைவான அதே வழவழப்புக் குழல் என்றால் நேராக முதல் வகை. உரிமம் வாங்கிவிட்டு வீட்டில் ஹாக்ஸா பிளேடால் குழலை அறுப்பதும் தனிக் குற்றம்.

ஒளிக்க முடியாத துப்பாக்கிக்கு வழி எளிது, ஒளிக்க முடிந்ததற்குக் கடினம். 1934-ல் அமெரிக்கா செய்ய நினைத்துக் கைவிட்டதும் கிட்டத்தட்ட இதைத்தான்.

உரிமம் யார் தருவார்கள்? மாவட்டம் என்றால் ஆட்சியர், மாநகரக் காவல் எல்லை என்றால் காவல் ஆணையர். பொதுவாக 21 வயது நிரம்பியிருக்க வேண்டும். போலீஸ் விசாரணை அறிக்கை வேண்டும். துப்பாக்கியைப் பாதுகாப்பாகக் கையாளும் பயிற்சி வேண்டும். உரிமம் 5 வருடத்துக்குச் செல்லும். ஒருவர் முன்பு 3 துப்பாக்கி வரை வைக்கலாம், 2019 திருத்தத்துக்குப் பிறகு 2 மட்டும். தேர்தல் வந்தால் போலீஸ் ஸ்டேஷனில் கொண்டுபோய்க் கொடுக்கச் சொல்வார்கள். அந்தச் செய்தி உங்கள் ஊர்ப் பக்கத்தில் ஒவ்வொரு தேர்தலுக்கும் வருமே.

‘கன்சீல்டு கேரி’ இங்கே உரிமை இல்லை, கட்டாயம்!

இந்தக் கட்டுரையில் எனக்கே மிக ஆச்சரியமாக இருந்த பகுதி இது. அமெரிக்காவில் ‘மறைத்து எடுத்துப் போகலாமா’ என்பது அனுமதி சார்ந்த கேள்வி. இந்தியாவில் அது கட்டளை. 2016 விதிகளின் 32-வது விதி சொல்கிறது: பொது இடத்தில் கைத்துப்பாக்கியைக் கொண்டு போனால், உடலோடு இணைத்த உறையிலோ, முதுகுப்பை போன்ற ஒன்றிலோதான் இருக்க வேண்டும். மற்றத் துப்பாக்கி என்றால் அதற்கென்று உள்ள உறையில். முக்கியமாக, முழுமையாக மூடப்பட்டிருக்க வேண்டும். கொண்டுபோகிறவரின் கட்டுப்பாட்டிலும் இருக்க வேண்டும்.

அதாவது, உரிமம் உள்ளவராகவே இருந்தாலும் இடுப்பில் வெளியே தெரியும்படி சொருகிக்கொண்டு கல்யாண மண்டபத்துக்குள் நடந்தால் விதிமீறல். பொது இடத்தில் எடுத்துக் காட்டுவதும், வீசுவதும், வானத்தைப் பார்த்துச் சுடுவதும் தடை. உரிமம் ரத்தாகும், துப்பாக்கி பறிமுதல் ஆகும். கொண்டாட்டத்தில் அடுத்தவர் உயிருக்கு ஆபத்து வரும்படி சுட்டால் 2 வருடம் வரை சிறை அல்லது 1 லட்சம் ரூபாய் வரை அபராதம் அல்லது இரண்டும் என்று 2019 திருத்தம் தனியாகவே சேர்த்தது. வட மாநிலக் கல்யாண ஊர்வலங்களை மனதில் வைத்து வந்த திருத்தம் அது. இப்போது ரீல்ஸ் எடுக்கும் நம்மூர்ப் பையன்களும் ஒருமுறை படித்துவைப்பது நல்லது.

நம் துணிப்பை நண்பருக்கு இதெல்லாம் உதவுமா? உதவாது. மூடி எடுத்துப் போக வேண்டும் என்ற விதி உரிமம் உள்ள துப்பாக்கிக்கு. 9 எம்எம் பிஸ்டலை எத்தனை சுற்றுத் துணியில் மூடினாலும் அது முதல் வகைதான்.

கடலில் துப்பாக்கி: தமிழ்நாடு பார்த்த வழக்கு

மீனவக் கிராமத்தில் நின்றுகொண்டு இதையெல்லாம் ஏன் பேசுகிறோம் என்று தோன்றலாம். கரையோர மக்களுக்குத் துப்பாக்கி என்பது வீடியோவில் மட்டும் வருவது இல்லை. 2012 பிப்ரவரி 15 அன்று கேரளக் கடலில், கரையிலிருந்து சுமார் 20 கடல் மைல் தொலைவில், இத்தாலியின் ‘என்ரிகா லெக்ஸி’ எண்ணெய்க் கப்பலில் காவலுக்கு இருந்த கடற்படை வீரர்கள், மீன்பிடிப் படகைக் கொள்ளையர் படகு என்று நினைத்துச் சுட்டார்கள். ‘செயின்ட் ஆண்டனி’ படகில் இருந்த இரண்டு மீனவர்கள் இறந்தார்கள். அதில் ஒருவர் கன்னியாகுமரி மாவட்டத்துக்காரர். 2021-ல் 10 கோடி ரூபாய் இழப்பீட்டோடு வழக்கு முடித்துவைக்கப்பட்டது.

அதற்கு அடுத்த வருடம் தூத்துக்குடிக்கு வந்தது ‘சீமேன் கார்டு ஓஹியோ’. கடற்கொள்ளையரிடமிருந்து சரக்குக் கப்பல்களைக் காக்கும் அமெரிக்கத் தனியார் நிறுவனம் ஒன்றின் கப்பல். 2013 அக்டோபரில் கடலோரக் காவல்படை அதை மடக்கியபோது உள்ளே 35 பேர், 35 ரைஃபிள்கள், 5,600-க்கும் மேற்பட்ட தோட்டாக்கள். வழக்கு கியூ பிரிவு போலீஸின் கைக்குப் போனது.

நாம் மேலே பேசிய வகைப்பாடு இங்கேதான் நிஜ மனிதர்களின் தலையில் விழுந்தது. அரைத் தானியங்கி ரைஃபிள் என்றால் நம் அட்டவணையில் முதல் வகை. ஆனால் ஆயுதச் சட்டத்தின் 45-வது பிரிவில் ஒரு விலக்கு இருக்கிறது. கடலோடும் கப்பலில், அந்தக் கப்பலின் வழக்கமான தளவாடமாக இருக்கும் ஆயுதத்துக்குச் சட்டம் பொருந்தாது. காவல் தொழில் செய்யும் கப்பலில் துப்பாக்கி ‘வழக்கமான தளவாடமா’, இல்லையா? எரிபொருள் தீர்ந்து, வானிலை மோசமாகி நம் கடல் எல்லைக்குள் வந்தது குற்றமா, தற்செயலா?

2014-ல் மதுரைக் கிளை ஆயுத வழக்கை ரத்து செய்தது. 2015-ல் உச்ச நீதிமன்றம், இல்லை, விசாரணை நடக்கட்டும் என்றது. 2016 ஜனவரியில் தூத்துக்குடி நீதிமன்றம் 35 பேருக்கும் 5 வருடச் சிறை விதித்தது. 2017 நவம்பரில் மதுரைக் கிளை அத்தனை பேரையும் விடுவித்தது. எஸ்டோனியா, பிரிட்டன், உக்ரைன் நாட்டவர்களோடு 12 இந்தியர்களும் அதில் இருந்தார்கள். ஒரு சட்ட வரிக்கு அர்த்தம் கண்டுபிடிக்க நான்கு வருடம். அதில் பெரும்பகுதியை அவர்கள் தமிழகச் சிறைகளில் கழித்தார்கள்.

சரி, கத்தி?

படகில் கிடக்கும் இரண்டாவது பொருளுக்கு வருவோம். ஆயுத விதிகளின் ஐந்தாவது வகையில் வாள், ஈட்டி, கத்தி எல்லாம் வருகின்றன. அளவுகோல்: 9 அங்குலத்துக்கு மேல் நீளம் அல்லது 2 அங்குலத்துக்கு மேல் அகலமுள்ள அலகு. பெரிய மீனை வெட்டும் கத்தி இதைச் சுலபமாகத் தாண்டும். ஆனால் வீட்டு உபயோகம், விவசாயம், அறிவியல், தொழில் ஆகியவற்றுக்காகச் செய்யப்பட்ட கத்திகளுக்கு அதே வரியில் விலக்கு உண்டு. பட்டியலில் ‘மீன்பிடி’ என்ற வார்த்தை இல்லை. ஆனாலும் மீன் வெட்டுவது தொழில் இல்லையென்றால் வேறு எது தொழில்? தவிர, கத்தி வகைகளுக்கு உரிமம் தேவைப்படுவது, மத்திய அரசு ஒரு பகுதியைக் குறிப்பிட்டு அறிவிக்கை வெளியிட்டிருந்தால் மட்டும்தான்.

நடைமுறையில் விஷயம் இடத்தைப் பொறுத்தது. படகிலும் மீன் ஏலம் விடும் இடத்திலும் அந்தக் கத்தியை யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். இரண்டு குப்பங்களுக்கு இடையே பாடு தொடர்பாகத் தகராறு நடக்கும் இரவில் அதே கத்தி பைக்கில் இருந்தால் கதை வேறு. பாடு என்பது ஏரியில் எந்த இடத்தில், எந்த நாளில், யார் வலை கட்டுவது என்று முறை வைத்துப் பிரித்துக்கொள்ளும் பழவேற்காட்டின் பழைய ஏற்பாடு. முறையில் சிக்கல் வந்தால் உரசலும் வரும். அப்போது கத்தி எதற்காகச் செய்யப்பட்டது என்பதைவிட, எதற்காக எடுத்துவரப்பட்டது என்பதைத்தான் போலீஸ் பார்க்கும்.

இப்போது வலை

ஆயுதச் சட்டப்படி வலை ஆயுதம் இல்லை. தாக்கவோ தற்காக்கவோ செய்யப்பட்ட பொருள் இல்லையே. ஆனால் 1972-ம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தைத் திறந்தால் இரண்டாவது பிரிவிலேயே ‘ஆயுதம்’ என்பதற்குத் தனி விளக்கம் இருக்கிறது. வில், அம்பு, வெடிபொருள், துப்பாக்கி, விஷம், கண்ணி, பொறி... அவற்றோடு தூண்டில் முள், கத்தி, வலை. ஆமாம், வலை. துப்பாக்கியும் வலையும் ஒரே வாக்கியத்தில், ஒரே தகுதியோடு.

இதே சட்டத்தின் 31-வது பிரிவு, சரணாலயத்துக்குள் தலைமை வன உயிரினக் காப்பாளரின் அல்லது அவர் அதிகாரம் அளித்த அலுவலரின் எழுத்துப்பூர்வ முன் அனுமதி இல்லாமல் யாரும் ஆயுதத்தோடு நுழையக் கூடாது என்கிறது. மீறினால் 3 வருடம் வரை சிறை அல்லது அபராதம் அல்லது இரண்டும். அபராத வரம்பு முன்பு 25 ஆயிரம் ரூபாய், 2022 திருத்தத்துக்குப் பிறகு 1 லட்சம்.

பழவேற்காடு ஏரியின் தமிழ்நாட்டுப் பகுதியில் 153 சதுர கிலோமீட்டருக்கும் சற்று அதிகமான பரப்பு 1980-லேயே பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. பூநாரைகளைப் பார்க்க வார இறுதியில் நாம் கேமராவோடு போகும் அதே இடம். கூனங்குப்பம், அரங்கன்குப்பம், கோரைக்குப்பம் என்று குப்பங்கள் வரிசையாக இருப்பதும் இந்தச் சுற்றுவட்டாரத்தில்தான். ஏரியின் எல்லாப் பகுதியும் சரணாலயம் இல்லை. ஆனால் தண்ணீரில் கோடு போட்டா வைத்திருக்கிறார்கள்?

நடைமுறையில் ஏரியில் தினமும் மீன்பிடிப்பு நடக்கிறது. இறால், நண்டு, மடவை எல்லாம் சந்தைக்கு வருகின்றன. வலை வைத்திருந்தார் என்று தினமும் யாரையும் பிடித்துப்போவதில்லை. சட்டமும் பழைய உரிமைகளுக்கு வழி வைத்திருக்கிறது. சரணாலயம் அறிவிக்கும்போது அங்கே யாருக்கு என்ன உரிமை உண்டு என்று ஆட்சியர் விசாரித்துத் தீர்மானிக்க வேண்டும். வன உயிரினக் காப்பாளரோடு கலந்து சில உரிமைகளைத் தொடர அனுமதிக்கவும் செய்யலாம். அப்படி எழுத்தில் கிடைக்கும் உரிமைதான் ஒரு மீனவருக்குக் கவசம். வழக்கத்தால் மட்டும் நடக்கிற வரை, ஏதாவது ஒரு நாள் ஏதாவது ஒரு அதிகாரி 31-வது பிரிவைக் காட்டினால் பதில் சொல்ல வேண்டியவர் படகில் இருப்பவர்தான்.

இங்கே ஒரு விசித்திரத்தையும் சொல்லியாக வேண்டும். ஆன்லைனில் விற்கும் ஏர் ரைஃபிள் இருக்கிறதே, பாயின்ட் 177 அளவுக்குள்ளும் 20 ஜூல் சக்திக்குள்ளும் இருந்தால் அதற்கு ஆயுத உரிமம் தேவையில்லை. ஆனால் அதைத் தோளில் போட்டுக்கொண்டு சரணாலயத்துக்குள் கால் வைத்தால் அது ஆயுதம். பறவை மீது குறிவைக்கவே வேண்டாம், நுழைந்தாலே போதும். உரிமம் உள்ள பாயின்ட் 32 ரிவால்வருக்கும் அதே கதி. ஆட்சியர் கொடுத்த உரிமம் அண்ணா சாலையில் செல்லும், அனுமதி இல்லாமல் சரணாலயத்துக்குள் செல்லாது.

இதே ஊரில் 17-ம் நூற்றாண்டில் டச்சுக்காரர்கள் வெடிமருந்து ஆலை நடத்தினார்கள். இங்கே தயாரான மருந்து கப்பல் ஏறி ஜாவாவில் உள்ள படாவியாவரை போனது. 1613-ல் கட்டிய கெல்டிரியா கோட்டை இன்று புதர் மண்டிக் கிடக்கிறது. வெடிமருந்து ஏற்றுமதி செய்த ஊரில் இன்று சட்டத்தின் கண்ணில் அதிகம் புழங்கும் ஆயுதம் நைலான் வலை!

வலையில் துப்பாக்கி சிக்கினால்?

கடைசியாக, கரையில் இருப்பவர்களுக்கும் விமான நிலையத்தில் பை ஸ்கேன் செய்யப்படுபவர்களுக்கும் சேர்த்து ஒரு விஷயம். வலையில் ஏதோ கனமாகச் சிக்குகிறது. இழுத்துப் பார்த்தால் தோட்டா, துப்பாக்கிப் பாகம், அல்லது என்னவென்றே தெரியாத ஒரு உலோக உருளை. கையில் இருந்தாலே குற்றமா?

‘வைத்திருத்தல்’ என்பதற்கு அது நம்மிடம் இருக்கிறது என்று தெரிந்திருக்க வேண்டும் என்பது நீதிமன்றங்கள் பலமுறை சொன்ன விளக்கம். உறவினரின் பழைய பையில் கிடந்த ஒற்றைத் தோட்டாவோடு விமான நிலையத்தில் மாட்டிய பலரின் வழக்குகளை உயர் நீதிமன்றங்கள் இதே அடிப்படையில் ரத்து செய்திருக்கின்றன. ஆனால் கண்ணால் பார்த்த பிறகு வீட்டுக்குக் கொண்டுபோய்ப் பரணில் போட்டால் ‘தெரியாது’ என்று சொல்ல முடியாது. பழைய இரும்புக்கு விற்கலாம் என்று தட்டிப் பார்ப்பது அதைவிட ஆபத்து.

தொடாமல், முடிந்தால் போட்டோ எடுத்துவிட்டு, இடத்தைக் குறித்துக்கொண்டு அழையுங்கள். தமிழகக் கடலோரப் பாதுகாப்புக் குழுமத்தின் இலவச எண் 1093. கடலுக்குள் இருந்தால் இந்தியக் கடலோரக் காவல்படை எண் 1554. அழைத்த நேரத்தை எழுதிவைத்துக்கொள்ளுங்கள். பின்னால் யாராவது கேட்டால், நீங்கள் மறைக்கவில்லை என்பதற்கு அந்த அழைப்புதான் முதல் சாட்சி.